அக்விலேயா: வயலுக்கு அடியில் கிடக்கும் ரோமானிய நகரம்

"வெனிஸ் வரை போகிறோம். அங்கிருந்து அக்விலேயாவுக்கும் போய் வரச் சொல்கிறார்கள். படங்களில் பார்த்தால் வரிசையாகச் சில தூண்கள், ஒரு சர்ச், மற்றபடி வயல்தான் தெரிகிறது. ஒரு நாளைச் செலவழிக்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? அட்டிலா ஒரே அடியில் அழித்த ஊர் என்கிறார்களே, அது உண்மையா?" இதுதான் கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பாதிதான் உண்மை. நாடோடிப் போர்க்கூட்டமான ஹூணர்களின் அரசன் அட்டிலா கி.பி. 452இல் வந்தான், முற்றுகையிட்டான், பிடித்தான், கொளுத்தினான். ஆனால் ஊர் அன்றோடு செத்துவிடவில்லை. இளைத்து இளைத்துக் கிராமமாகிப் போக அதற்குப் பல நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலையில் ஹூணர்களுக்கு இருந்த பங்கைவிட ஆற்றுக்கும் சதுப்புக்கும் கல் எடுக்க வந்த அக்கம்பக்கத்தாருக்கும் இருந்த பங்கு அதிகம். இந்தக் கதை தெரிந்து போனால் ஒரு நாள் போதாது. தெரியாமல் போனால், நீங்கள் சொன்ன மாதிரி, தூணும் வயலும்தான். அரை மணியில் ஐஸ்கிரீம் கடை தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஊர் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஃப்ரியூலி பகுதியின் சமவெளியில் இருக்கிறது. தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கிராதோ என்ற தீவு ஊரும் அதைச் சூழ்ந்த உப்பங்கழியும். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஆல்ப்ஸ் மலை தெரியும். இன்றைக்கு மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். ரோமானியர் காலத்தில் இத்தாலியின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. 4ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அவுசோனியஸ் பேரரசின் பெருநகரங்களை வரிசைப்படுத்திப் பாடியபோது இதற்கு ஒன்பதாவது இடம் கொடுத்தார். 1998இல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று வேடிக்கையானது: இந்த நகரத்தின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் வயல்களுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்பது. கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டுமல்ல, தெரியாததற்காகவும் கிடைத்த மரியாதை.

சரி, ஏன் இந்த இடத்தில் ஊர்? கி.மு. 186இல் ஆல்ப்ஸைத் தாண்டி கால் (Gaul) என்ற இனத்தாரின் கூட்டம் ஒன்று இறங்கி வந்து, பக்கத்தில் தங்களுக்கென ஓர் ஊர் கட்டத் தொடங்கியது. ரோம் மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, படையை அனுப்பி அவர்களைத் திருப்பி அனுப்பியது. வாசலைத் திறந்து வைத்தால் நாளை இன்னொரு கூட்டம் வரும் இல்லையா? அதனால் கி.மு. 181இல் தானே அங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவியது. பூப்லியஸ் ஸ்கிப்பியோ நாசிகா, காயஸ் ஃப்ளாமினியஸ், லூசியஸ் மான்லியஸ் அகிடினஸ் என்ற மூவர் பொறுப்பேற்றார்கள். மூவாயிரம் காலாட்படை வீரர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஒரு சாதாரண வீரனுக்கு 50 யூகெரா (ரோமானிய நில அளவை) நிலம், நூற்றுவர் தலைவனுக்கு 100, குதிரை வீரனுக்கு 140. நம் கணக்கில் சாதாரண வீரனுக்கே முப்பது ஏக்கருக்கு மேல். அந்தக் காலத்துக் குடியேற்றங்களில் இது தாராளமான அளவு. எல்லையில் போய்க் குடியிருக்க யாரும் சும்மா வர மாட்டார்கள், அதற்கான விலை இது என்பது என் எண்ணம். அப்படியும் ஆள் போதாமல், பன்னிரண்டு வருடம் கழித்து இன்னும் 1,500 குடும்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது.

இதெல்லாம் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்தது. வழக்கமாக ஒரு நகரத்தின் தொடக்கக் கதைக்கு ஏட்டுச் சாட்சி மட்டும்தான் இருக்கும். இங்கே கல்லும் இருக்கிறது. மூவரில் ஒருவரான அகிடினஸின் பெயரும், அக்விலேயாக் குடியேற்றத்தை நிறுவ நியமிக்கப்பட்ட மூவரில் ஒருவர் என்ற பதவியும் பொறித்த பீடம் அகழ்வில் கிடைத்து இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில், நகரின் எல்லையைக் குறிக்க ஏர் பூட்டி முதல் சால் ஓட்டும் சடங்கைக் காட்டும் புடைப்புச் சிற்பம் ஒன்றும் உண்டு. இந்த இரண்டையும் பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

படை முகாமாகப் பிறந்த ஊர் வெகு சீக்கிரம் சந்தையாக மாறியது. பூகோளம் அப்படி. ஏட்ரியாட்டிக் கடலின் வடகோடி இது. இங்கிருந்து கிழக்கே போனால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தணிந்து, வண்டி போகும் கணவாய்கள் கிடைக்கின்றன. கி.மு. 148இல் ஜெனோவாவிலிருந்து வட இத்தாலி முழுவதையும் குறுக்கே கடந்து வந்த போஸ்துமியா நெடுஞ்சாலை இங்கேதான் முடிந்தது. வடக்கே இன்றைய ஆஸ்திரியாவுக்கும் கிழக்கே இன்றைய லியூப்லியானாவுக்கும் வேறு சாலைகள் புறப்பட்டன. கடல் வழியாக ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வரும். இங்கே வண்டியேறி மலைக்கு அந்தப் பக்கம் போகும். பதிலுக்கு அடிமைகளும் மாடுகளும் தோல்களும் வரும். ஒயினை மரப் பீப்பாய்களில் ஊற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். அந்தப் பீப்பாய்களை மறந்துவிடாதீர்கள், ஒரு பேரரசன் கதையில் திரும்ப வரும்.

எல்லாவற்றையும் விடப் புகழ் பெற்ற சரக்கு ஆம்பர், அதாவது புதைந்து கல்லாகிப் போன மரப்பிசின். பால்டிக் கடற்கரையில் பொறுக்கிய ஆம்பர், தன்யூப் ஆற்றங்கரையிலிருந்த கார்னுண்டம் என்ற ஊர் வழியாக இங்கே வந்து சேரும். கார்னுண்டத்திலிருந்து அந்தக் கடற்கரைக்கு அறுநூறு மைல் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். வந்த கட்டிகளை மோதிரமாகவும் பகடையாகவும் வாசனைச் சிமிழாகவும் செதுக்கிய பட்டறைகள் அக்விலேயாவில் இருந்தன. அருங்காட்சியகத்தின் ஆம்பர் அலமாரிக்கு நேரம் ஒதுக்குங்கள். விரல் நுனி அளவே இருக்கும் பொருட்களில் இலை நரம்பு வரை செதுக்கியிருக்கிறார்கள்.

கண்ணாடியும் இங்கே பெரிய தொழில். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கிடைத்த கண்ணாடிப் புட்டிகளின் அடியில் ஒரு முத்திரை இருக்கிறது: "அக்விலேயாவில் கண்ணாடி செய்பவள் சென்டியா செகுண்டா." இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு பட்டறைக்காரி தன் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சரக்கின் அடியில் பதித்து ஏற்றுமதி செய்திருக்கிறாள். பேரரசர்கள் பற்றிய பத்துக் கல்வெட்டுகளைவிட எனக்கு இந்த ஒரு வரி பெரிது.

தளபதிகளும் பேரரசர்களும் வராமல் இல்லை. சீசர் கால் இனத்தார் மீதான போருக்குப் போகும் முன் மூன்று படையணிகளைக் குளிர்காலத்துக்கு இங்கே நிறுத்தியிருந்தார். மார்க்கஸ் அவுரேலியஸ் வடக்கத்தி இனங்களோடு போரிட்டபோது இதுதான் அவருக்குத் தளம். அந்தச் சமயத்தில் கொள்ளைநோய் பரவி, மருத்துவர் கேலனையே இங்கே வரவழைத்தார்கள். படையினர் ஏராளமாகச் செத்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். கூட்டுப் பேரரசர் லூசியஸ் வெருஸ் 169இல் இங்கிருந்து ரோமுக்குத் திரும்பும் வழியிலேயே இறந்தார்.

கி.பி. 238இல் நடந்தது இன்னும் சுவாரசியம். மாக்சிமினுஸ் என்ற படைவீரப் பேரரசனை ரோம் செனட் தள்ளிவைத்தது. அவன் தன்யூப் படையோடு ரோமை நோக்கிப் புறப்பட்டான். வழியில் முதல் பெரிய நகரம் அக்விலேயா. கதவைச் சாத்திக்கொண்டது. பக்கத்து ஆற்றில் வெள்ளம், பாலத்தை ஊர்க்காரர்களே இடித்துவிட்டிருந்தார்கள். அப்போது படையின் பொறியாளர்கள் சுற்றிலும் ஆளில்லாமல் கிடந்த தோட்டங்களில் காலி ஒயின் பீப்பாய்களைக் கண்டுபிடித்து, அவற்றைச் சேர்த்துக் கட்டி மிதவைப் பாலம் போட்டார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதுகிறார். கடந்து வந்த படை, மரத்துக்கு மரம் தோரணம் போல ஓடியிருந்த திராட்சைக் கொடிகளையெல்லாம் வெட்டித் தள்ளியது. ஊர்க்காரர்கள் மதில்மேலிருந்து கந்தகமும் கீலும் கலந்து கொதிக்கவைத்து ஊற்றினார்கள். தங்கள் தெய்வமான பெலேனஸ் காப்பாற்றுவார் என்று நம்பினார்கள். கடைசியில் பட்டினி கிடந்தது உள்ளே இருந்தவர்கள் அல்ல, வெளியே இருந்தவர்கள். வெறுத்துப்போன வீரர்களே மாக்சிமினுஸையும் அவன் மகனையும் கொன்று, தலைகளை ரோமுக்கு அனுப்பினார்கள்.

இந்த வெற்றிதான் "அக்விலேயாவைப் பிடிக்க முடியாது" என்ற பெயரைத் தந்தது. 361இல், பேரரசன் பதவிக்குப் போட்டியிட்ட ஜூலியனின் படை ஆற்றையே திசைதிருப்பிப் பார்த்தும் நகரத்தின் வாயைத் திறக்க முடியவில்லை. அவனுடைய எதிரியான பேரரசன் இறந்துபோன செய்தி வந்த பிறகுதான் ஊர் பணிந்தது. அட்டிலாவிடம் விழுந்தபோது உலகம் ஏன் அவ்வளவு அதிர்ந்தது என்பது இந்தப் பின்னணியில்தான் புரியும்.

அட்டிலாவுக்குப் போகும் முன் சர்ச். ஊரில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். 313இல் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. உடனடியாகத் தெயோடோரஸ் என்ற பிஷப் இங்கே இரண்டு பெரிய மண்டபங்களை அடுத்தடுத்துக் கட்டினார். இவர் 314இல் ஆர்ல் நகரத்தில் கூடிய திருச்சபை மாநாட்டுக்குப் போனவர், ஆகவே காலம் ஓரளவு துல்லியமாகத் தெரியும். நேற்று வரை ஒளிந்து கும்பிட்ட கூட்டம், இன்றைக்குச் சுமார் 760 சதுர மீட்டர் மொசைக் தரை, அதாவது வண்ணக் கல் துண்டுகள் பதித்த தரை, போடுகிறது. மேற்கு உலகில் ஆரம்பகாலக் கிறிஸ்தவ மொசைக் தரைகளில் இவ்வளவு பெரியது வேறு இல்லை.

உள்ளே நுழைந்ததும் அவசரப்படாமல், ஓரங்களில் போட்டிருக்கும் கண்ணாடி நடைபாதையில் மெல்ல நடந்து பலிபீடத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள். அங்கே தரை முழுக்கக் கடல். மீனும் கணவாயும் ஆக்டோபஸும் வாத்துமாக நீந்துகின்றன. சிறகு முளைத்த பொடிப்பையன்கள் படகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். அதற்கு நடுவே பைபிளில் வரும் யோனாவின் கதை மூன்று காட்சிகளாக: ஒன்றில் படகிலிருந்து அவரைக் கடல் மிருகத்தின் வாய்க்குள் தள்ளுகிறார்கள், இன்னொன்றில் அது அவரைக் கக்குகிறது, மூன்றாவதில் சுரைக்கொடிப் பந்தலுக்குக் கீழே கால் நீட்டிச் சாய்ந்து படுத்திருக்கிறார். மிருகம் திமிங்கிலமாக இல்லை. சுருள் சுருளான வாலோடு பாம்பு மாதிரி இருக்கிறது. மொசைக் பதித்த கைவினைஞர்கள் பணக்கார வீடுகளுக்குக் கடற்காட்சி போட்டுப் பழகியவர்கள் என்று தோன்றுகிறது. வேலை கொடுத்தவர் மாறினார், மீன் அதேதான்.

அந்தக் கடலின் நடுவில் ஒரு வட்டம். அதற்குள் எழுத்து. தெயோடோரஸை விளித்து, எல்லாம் வல்ல இறைவனின் துணையாலும் வானம் உன்னிடம் ஒப்படைத்த மந்தையின் துணையாலும் எல்லாவற்றையும் நன்றாகச் செய்து சிறப்பாக அர்ப்பணித்தாய் என்கிறது. மந்தை என்றால் சபை மக்கள், அதாவது காசு கொடுத்தவர்கள். அவர்களுடைய முகங்களும் தரையிலேயே கட்டம் கட்டமாக இருக்கின்றன. பெயரில்லாத, ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லாத ஆண் பெண் முகங்கள். சற்றுத் தள்ளிச் சேவலும் ஆமையும் சண்டைக்கு நிற்கின்றன. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடக்கும் போர் என்று வழிகாட்டிகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இருக்கலாம். ஆனால் இதே சர்ச்சில் கூடை நிறைய நத்தைகளையும் வரைந்தவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நத்தைக் கூடை இருப்பது பிரதான மண்டபத்தில் அல்ல, அடுத்த மண்டபத்தில். அதற்கு "அகழ்வு நிலவறை" என்று தனி வழி. பலர் டிக்கெட் கூடுதல் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அங்கே ஒரே இடத்தில் மூன்று காலம் தெரியும்: கீழே அகஸ்டஸ் காலத்து ஒரு வீட்டின் தரை, அதற்கு மேல் தெயோடோரஸின் வடக்கு மண்டப மொசைக், அதற்கும் மேல் பின்னால் கட்டிய பெரிய சர்ச்சின் தரைத் துண்டுகள். இவை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு நடுவில் ஒரு பிரம்மாண்டமான கல் திண்டு இறங்கியிருக்கிறது. அது 11ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டின் அடித்தளம். கட்டியவர்களுக்குக் கீழே மொசைக் இருப்பது தெரியுமா, தெரிந்தும் கவலைப்படவில்லையா, சொல்ல முடியாது. மான் உருவத்தின் பக்கத்தில் மட்டமாக வெட்டிய கல் சுவர் எழும்பி நிற்பதைப் பார்க்கும்போது ஒரு நகரம் தன்மேலேயே எப்படி ஏறி நிற்கிறது என்பது கைக்கு எட்டும் தூரத்தில் புரிந்துவிடும்.

இந்த மொசைக் எல்லாம் எப்படித் தப்பியது? மேலே வேறு தரை போட்டு மூடிவிட்டதால்தான். 1909இல் ஆஸ்திரிய ஆட்சியின்போது இடைக்காலத் தரையைப் பெயர்த்தபோது, சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் யோனா கால் நீட்டிப் படுத்திருந்தார்.

இப்போது 452. அட்டிலா நெடுநாள் முற்றுகையிட்டும் நகரம் பணியவில்லை, படை முணுமுணுத்தது. அப்போது மதிலில் கூடு கட்டியிருந்த நாரைகள் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதைக் கண்டு, "பறவைக்குத் தெரிகிறது, இந்த ஊர் விழப்போகிறது" என்று சொல்லி அவன் படையைத் தூண்டினான் என்பது கதை. அதை எழுதிய வரலாற்றாசிரியர் யோர்தானெஸ், ஊர் இருந்த தடமே தெரியாதபடி அழித்தார்கள் என்றும் சேர்த்துவிட்டார். நூறாண்டு கழித்து எழுதிய வரி. அதுதான் இன்று வரை எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் ஓடுகிறது.

ஆனால் 458இல், அதாவது ஆறே வருடம் கழித்து, போப் லியோ அக்விலேயா பிஷப் நிசெதாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பிஷப் ஒரு சிக்கலைக் கேட்டிருக்கிறார்: போரில் பிடிபட்டுப் போன கணவன் செத்துவிட்டான் என்று எண்ணி மனைவி வேறொருவனை மணந்துகொண்டாள். இப்போது முதல் கணவன் உயிரோடு திரும்பி வந்து நிற்கிறான். யாருக்கு மனைவி? முதல் கணவனிடம்தான் திரும்ப வேண்டும், ஆனால் இரண்டாவது ஆளைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது என்பது போப்பின் பதில். தடமே தெரியாமல் அழிந்த ஊருக்கு யாரும் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்கள். ஆள் திரும்பி வந்திருக்கிறான், வந்து தட்ட ஒரு கதவு இருந்திருக்கிறது. அட்டிலா பற்றிய எல்லாக் கதைகளையும்விட அந்தப் படையெடுப்பின் வலி இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

உண்மையான இறக்கம் அதற்குப் பிறகுதான். 568இல் லங்கோபார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் படையெடுத்து வந்தபோது அக்விலேயாவின் பேட்ரியார்க் (தலைமை பிஷப்), சர்ச் பொக்கிஷங்களை எடுத்துக்கொண்டு கிராதோவுக்குப் போனார். உப்பங்கழிக்குள் குதிரைப்படை வராது. கொஞ்ச காலத்தில் கிராதோவில் ஒருவர், நிலப்பகுதியில் ஒருவர் என்று இரண்டு பேட்ரியார்க்குகள். இரண்டு பேரும் தாங்களே உண்மையான வாரிசு என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டார்கள். நிலப்பகுதிக்காரர் 8ஆம் நூற்றாண்டில் சிவிதாலேவுக்கு இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். ஆறு தூர்ந்தது, வடிகால்களைப் பார்க்க ஆளில்லாமல் சமவெளி சதுப்பானது, சதுப்போடு மலேரியாவும் வந்தது. அப்புறம் கல். மலைக்குப் போய் வெட்டி இறக்குவதைவிட, வெட்டி வழவழப்பாக்கி அடுக்கி வைத்திருக்கும் ஒரு நகரத்திலிருந்து எடுத்துக்கொள்வது சுலபம். அரங்கமும் நாடகசாலையும் இன்று ஏறக்குறைய இல்லை என்றால் அதற்கு முதல் காரணம் இதுதான். எரித்த நெருப்பு ஒரு வாரம் இருந்திருக்கும். கல் எடுத்த வண்டி ஆயிரம் வருடம் ஓடியது.

எடுத்தவர்களில் ஊர்க்காரர்களும் சேர்த்தி. 11ஆம் நூற்றாண்டில் போப்போ என்ற ஜெர்மானிய பேட்ரியார்க் அக்விலேயாவை மறுபடியும் தூக்கி நிறுத்த ஆசைப்பட்டார். இன்று நாம் பார்க்கும் சர்ச் பெரும்பாலும் அவர் கட்டியது. 1031இல் அர்ப்பணித்தார். 73 மீட்டர் உயர மணிக்கூண்டும் அவருடையதுதான், அதற்கான கல் பழைய அரங்கத்திலிருந்து வந்தது. நாற்பத்தாறு வருடம் கழித்து, 1077இல், ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி ஃப்ரியூலியின் ஆட்சியையே பேட்ரியார்க்கிடம் கொடுத்தார். மதகுருவே அரசர். 1348 நிலநடுக்கத்தில் சர்ச் சேதமானது. பழுது பார்த்தபோது போட்டதுதான் அந்தக் கூரான வளைவுகள். 1420இல் வெனிஸ் வந்து அந்த அரசை விழுங்கியது. 1751இல் பேட்ரியார்க் பதவியையே கலைத்துவிட்டார்கள். வெனிஸின் முன்னோர்களில் ஒரு பகுதி இந்தக் கரையிலிருந்து ஓடிப்போனவர்கள்தான் என்பது வெனிஸே சொல்லிக்கொண்ட கதை. பேத்தி வந்து பாட்டி வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட மாதிரிதான் முடிந்தது.

சர்ச்சின் நிலவறைக்கும் இறங்குங்கள். 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. மேலே புனிதர் கதை, சிலுவைக் காட்சிகள் என எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் கீழ்வரிசையைப் பாருங்கள். திரைச்சீலை தொங்குவது போல வரைந்த வெள்ளைப் பட்டையில், கோட்டோவியமாக ஒரு குதிரை வீரன் ஈட்டியோடு விரட்டுகிறான். முன்னால் ஓடுகிறவன் சேணத்தில் திரும்பி உட்கார்ந்து அம்பு விடுகிறான். சிலுவைப்போர்க் காலத்துக் கற்பனை அப்படியே இருக்கிறது.

வெளியே பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் ஆற்றுத் துறைமுகத்துக்கு. சர்ச்சுக்குப் பின்னால் சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டிய பாதை ஒன்று போகிறது. அதன் ஓரமாக முந்நூறு மீட்டருக்கு மேல் நீளும் கல் படித்துறை. பக்கத்து இஸ்திரியா தீபகற்பத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல். இரண்டு மட்டத்தில் கட்டியிருக்கிறார்கள், நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகு கட்ட வேண்டும் என்பதற்காக. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் கயிறு நுழைக்கத் துளை இருக்கிறது. கைவிட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். அதற்கு முன்னால் இன்று ஓடுவது ஒரு வாய்க்கால். அன்று அந்த ஆறு சுமார் 48 மீட்டர் அகலம். துறைக்கும் அந்த வாய்க்காலுக்கும் நடுவே புல் முளைத்திருக்கும் வெற்றிடத்தைப் பார்த்தாலே ஊர் ஏன் செத்தது என்பதற்கு இன்னொரு விளக்கம் தேவைப்படாது. படித்துறைமேலேயே பிற்காலத்தில் அவசரமாக ஒரு மதிலைக் கட்டியிருப்பதையும் கவனியுங்கள். சரக்கு இறக்கிய இடம் பயத்தில் கோட்டையான காலம் அது.

சந்தைச் சதுக்கமான ஃபோரம், நீங்கள் படத்தில் பார்த்த தூண்கள் நிற்கும் இடம். தூண்களை 20ஆம் நூற்றாண்டில் திரும்ப நிறுத்தினார்கள். மெடூசா முகமும் கொம்பு வைத்த ஜூபிடர் முகமும் செதுக்கிய கற்கள் அங்கே கிடைத்தவை. அதை ஒட்டி லாரியும் பஸ்ஸுமாக ஓடும் நெடுஞ்சாலை, ரோமானிய நகரத்தின் வடக்குத் தெற்கு பிரதான வீதி போன அதே கோட்டில்தான் போகிறது. இதற்குப் பத்து நிமிடம் போதும்.

வீடுகளுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் ஒதுக்கலாம். அகழ்வு இடங்களுக்கெல்லாம் கோஸ்ஸார் வயல், பாஸ்குவாலிஸ் வயல் என்று நிலத்துக்காரர்களின் பெயர்தான். கோஸ்ஸார் வயலில் கிடைத்த வீட்டுக்கு இப்போது கூரை போட்டுத் திறந்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த ஒரு எடைக்கல்லில் இருந்த பெயரை வைத்துத் தித்தூஸ் மாக்ரோவின் வீடு என்கிறார்கள். ஏறத்தாழ 1,700 சதுர மீட்டர், நடுமுற்றம் வைத்த வீடு, தெருவைப் பார்த்துக் கடைகள். பாஸ்குவாலிஸ் வயலில் ரோமானியப் பிற்காலத்துச் சந்தைக் கட்டடங்கள். அட்டிலாவுக்கு முந்திய தலைமுறையிலும் இங்கே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி.

அருங்காட்சியகம் 1882இல் ஆஸ்திரிய அரசு திறந்தது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே பெர்தோலி என்ற உள்ளூர்ப் பாதிரியார் சுண்ணாம்புச் சூளைக்குப் போக இருந்த கல்வெட்டுகளைச் சேகரித்துக் காப்பாற்றத் தொடங்கியிருந்தார். அங்கே ஒரு மொசைக்கைத் தேடிப் பாருங்கள்: விருந்து முடிந்து கூட்டாத தரை. மீன் முள், பழத்துண்டு என்று சாப்பிட்டுப் போட்டவை சிதறிக் கிடக்கிற மாதிரி வண்ணக் கல்லில் பதித்திருக்கிறார்கள். பணம் இருப்பவன் குப்பையைக்கூட நிரந்தரமாகச் செய்து வைத்துக்கொள்வான்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில் இத்தாலியப் படை 1915 மே மாதம் இங்கே நுழைந்தது. இசோன்சோ ஆற்றுப் போர்முனை கூப்பிடு தூரம். சர்ச்சுக்குப் பின்னால் வீரர்களைப் புதைத்தார்கள். போர் முடிந்து 1921 அக்டோபர் 28ஆம் தேதி, அடையாளம் தெரியாத பதினொரு வீரர்களின் சவப்பெட்டிகளை இந்தச் சர்ச்சுக்குள் வரிசையாக வைத்தார்கள். மரியா பெர்காமாஸ் என்ற தாய் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் மகன் ஆஸ்திரிய ராணுவத்திலிருந்து ஓடிவந்து இத்தாலிக்காகப் போரிட்டு இறந்தவன், உடல் கிடைக்கவில்லை. ஒரு பெட்டியின் முன்னால் வந்ததும் அவர் அழுது விழுந்தார். அந்தப் பெட்டி ரயிலில் ரோமுக்குப் போனது. நவம்பர் 4ஆம் தேதி அதை அடக்கம் செய்தார்கள். இத்தாலியின் பெயரறியா வீரர் அவர்தான். மீதிப் பத்துப் பேரும் இங்கேயே இருக்கிறார்கள். பிற்காலத்தில் மரியாவையும் அவர்கள் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

போகும் வழி சுலபம். வெனிஸ், திரியெஸ்தே ரயில் பாதையில் செர்வின்யானோ நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து கிராதோ போகும் பஸ் ஊருக்குள்ளேயே விடும். காலையில் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். பீடத்தையும் ஆம்பரையும் கண்ணாடியையும் பார்த்த கண்ணோடு ஃபோரம், அப்புறம் படித்துறை வழியாக நடந்து சர்ச்சுக்கு வாருங்கள். இந்த வரிசையில் போனால் ஊர் பிறந்த வரிசையிலேயே பார்த்த மாதிரி இருக்கும். ஊர் தட்டையானது, வயதானவர்களும் நடந்துவிடலாம், ஆனால் படித்துறைப் பாதையைத் தவிர வேறெங்கும் நிழல் குறைவு. கோடையில் போனால் மதிய நேரத்தைச் சர்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கூண்டில் ஏறக் கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். மேலேயிருந்து பார்த்தால் இன்னும் தோண்டாத வயல்கள் எவ்வளவு என்று தெரியும். அரை நாள்தான் உண்டென்றால் வீடுகளையும் ஃபோரத்தையும் விட்டுவிட்டு, அருங்காட்சியகம், படித்துறை, சர்ச், அகழ்வு நிலவறை என்று நான்கோடு முடித்துக்கொள்ளலாம்.